சோளிங்கர் வருவதற்குள்: நாவலின் முதல் அத்தியாயங்களை நடத்திச் செல்வது எப்படி

என் முதல் நாவலின் கைப்பிரதியை வாசித்த முதல் ஆள், காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் நண்பர். ஒரு வழிக்கு 130 கிலோமீட்டர். உட்கார்ந்து வாசிக்க அவரைப்போல் நேரம் உள்ளவர் எனக்கு வேறு யாரும் அகப்படவில்லை. மறுநாள் இரவு வீட்டுக்கு வந்தவரிடம் காப்பியைக் கொடுத்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன். "சோளிங்கரில் மூடி வைத்துவிட்டேன்" என்றார். காட்பாடியில் ஏறி, வாலாஜா ரோடு தாண்டி, சோளிங்கர் வருவதற்குள் முப்பத்தொரு பக்கம் படித்திருக்கிறார். என் கதாநாயகி கோமதி முப்பத்து நான்காம் பக்கத்தில்தான் வருகிறாள். அவளை அவர் பார்க்கவே இல்லை.

அந்த முப்பத்து மூன்று பக்கத்திலும் என்னதான் இருந்தது? வேலூர்க்காரன் நாவல் எழுத உட்கார்ந்தால் முதலில் கோட்டைதான் வரும். எனக்கும் வந்தது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் தொடங்கினேன். புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக் குறிக்கும் தடை, சிப்பாய்களின் கொதிப்பு, அகழி, துப்பாக்கிச் சூடு எல்லாம் வந்தன. பிறகு 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றானது. இத்தனையையும் கடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, குடியாத்தத்தில் ஒரு தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தேன். அவளுடைய முன்னோர் ஒருவர் அந்தச் சிப்பாய்களில் இருந்தார் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு.

முதல் நாவலை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ ஏழாயிரம் சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் ஏறியவர் அரக்கோணத்துக்குள் படித்து முடித்துவிடலாம்.

தொடக்கத்தில் வேகம் வேண்டும் என்று சொன்னதும் அடிதடி, விபத்து, ஓட்டம் என்று நினைத்துவிடுகிறோம். என் நண்பர் கண்ணயர்ந்ததே கோட்டைக்குள் சுட்டுக்கொள்ளும் பக்கத்தில்தான். யார் சுடுகிறார்கள், யார் விழுகிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை வருமுன்பே நான் சுடத் தொடங்கிவிட்டேன். வாசகருக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எழுவதற்கும் அது அவர் கைக்குக் கிடைப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நான் நடை என்கிறேன். கேட்காத தகவல் எவ்வளவு அரியதானாலும் கதையை ஓர் அடிகூட நகர்த்தாது.

முதலில் நாளைக் குறியுங்கள்

எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் உங்கள் கதைமாந்தரின் வாழ்க்கையைப் பத்து வரிகளில் எழுதுங்கள். பத்துக்கு மேல் வேண்டாம். கோமதிக்கு நான் எழுதியவற்றில் சில: கல்யாணம். இரண்டு மகள்கள். கணவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனது. பணம் வருவது நின்றது. பீடிக் கடையில் ஐந்து கட்டு கழிக்கப்பட்டது. பெரிய மகள் பள்ளியை விட்டு நின்றது.

இவற்றில் எந்த நாளில் தொடங்குவது? புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய வரியைப் பிடிப்பார்கள். நானும் கணவன் போன நாளில்தான் ஒருமுறை தொடங்கிப் பார்த்தேன். பஸ் நிலையம், பெட்டி, அழுகை. எழுதி முடித்ததும் அடுத்த பக்கத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவன் போய்விட்டான், அவ்வளவுதான். அந்தச் சம்பவம் பெரியது, ஆனால் மூடிக்கிடக்கிறது. ஐந்து கட்டு கழிக்கப்பட்டது சின்னச் சம்பவம், ஆனால் அதன் வாய் திறந்திருக்கிறது. ஏன் கழித்தார்கள், கூலி குறைந்தால் என்ன ஆகும், அடுத்த நாள் அவள் என்ன செய்வாள் என்று வரிசையாக இழுத்துக்கொண்டு போகும். மூடிய பெரிய சம்பவத்தைவிடத் திறந்த சின்னச் சம்பவத்தில் தொடங்குங்கள். பத்து வரிகளில் அது எது என்று அடையாளம் காண ஒரு மாலை நேரம் போதும். இந்த ஒரு மாலையைச் செலவிடாமல் நான் எட்டு மாதத்தை வீணடித்தேன்.

கண் விழிப்பதில், அலாரத்தில், கோலத்தில், அக்னி நட்சத்திர வெயிலில் தொடங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. வேலூர் வெயிலை வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களும் அதைக் கேள்விப்பட்டுத்தான் இருக்கிறார்கள். வெயில் கதையில் ஏதாவது வேலை செய்தால் வரட்டும். பீடி இலையை ஊறவைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். வெயில் ஏறினால் சாக்கு காய்ந்து, இலை முறுகி, சுற்றும்போது கிழியும். அப்படிக் கிழியும் இலையாக வெயில் வந்தால் அதற்குத் தனி வருணனை தேவையில்லை.

முதல் காட்சியைக் கிட்டே போய் எழுதுங்கள்

என் இரண்டாம் பிரதியின் முதல் பத்தி இப்படி இருந்தது. கோட்டை போய்விட்டது, ஆனாலும் பாருங்கள்:

"கௌண்டின்ய நதிக்கரையில் உள்ள குடியாத்தம் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பெற்ற ஊர். அங்கே பதினெட்டு ஆண்டுகளாகப் பீடி சுற்றிப் பிழைக்கும் கோமதிக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் பத்தாம் வகுப்பு. கணவன் பெங்களூருக்குப் போய் இரண்டு ஆண்டுகளாகிறது. அன்று அவள் மிகுந்த கவலையுடன் பீடிக் கடைக்குப் புறப்பட்டாள்."

பிழை என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ரேஷன் கார்டைப் படிப்பதுபோல் இருக்கிறது, அதுதான் குறை. கேள்வி எழுமுன்பே எல்லாப் பதிலும் வந்துவிட்டது. கவலை என்ற சொல்லையும் நானே சொல்லிவிட்டேன். மூன்றாம் பிரதி இப்படி ஆனது:

"கடைக்காரர் நாற்பது கட்டில் ஐந்தை எடுத்துத் தனியே வைத்தார். சீட்டில் ஆயிரம் என்று இருந்ததை அடித்து எண்ணூற்று எழுபத்தைந்து என்று எழுதினார். கோமதி அந்த ஐந்து கட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நூல் சரியாகத்தான் சுற்றியிருந்தது. வாய் மடிப்புதான் வேறு. அவள் கட்டைவிரலால் இடப்பக்கம் அழுத்தி மடிப்பவள். இது வலப்பக்கம் மடித்திருந்தது. வீட்டில் இடதுகைப் பழக்கம் ஒருத்திக்குத்தான் உண்டு. பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

'பெங்களூரிலிருந்து ஏதாவது தகவல் உண்டா?' என்று கடைக்காரர் சீட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

'நூல் வேண்டும்' என்றாள் கோமதி."

இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு தகவல்தான் இருக்கிறது. மகள் உண்டு, பள்ளிக்குப் போகவில்லை, கணவன் பெங்களூரில், செய்தி இல்லை. இரண்டாவதில் அவற்றை நான் சொல்லவில்லை, வாசகர் எடுத்துக்கொள்கிறார். கட்டுக்கு இருபத்தைந்து பீடி என்ற கணக்கையும் அவரே போட்டுக்கொள்வார். எடுத்துக்கொள்கிறவர் தூங்குவதில்லை. ஊர்ப்பெயரே வரவில்லையே என்று பதறாதீர்கள். நாலு பக்கம் கழித்துப் பஸ் பலகையில் வரட்டும்.

பகலில் பிரசங்கம், இரவில் கூத்து

எதைக் காட்சியாக விரிப்பது, எதை இரண்டு வரியில் கடப்பது? இதற்கு நம் ஊரிலேயே நல்ல பாடம் இருக்கிறது. வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழா பார்த்திருப்பீர்கள். பிற்பகலில் பந்தலில் பாரதப் பிரசங்கம். இரவில் அதே கதை கூத்து. பிரசங்கியார் பகலில் ஒரு மணி நேரத்தில் பல ஆண்டுகளைத் தாண்டிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு, எந்த நாட்டை யார் ஆண்டார்கள், பகை எப்படி மூண்டது எல்லாம் கடகடவென்று வரும். இரவில் துகிலுரிதல் மட்டும் விடியும்வரை நடக்கும். ஒரு புடவைக்கு ஒரு முழு இரவு.

நாவலுக்கும் இந்த இரண்டு கையும் வேண்டும். முதல் மூன்று அத்தியாயங்களில் என் கணக்கு: முக்கால் பங்கு கூத்து, கால் பங்கு பிரசங்கம். முதல் அத்தியாயத்தில் பிரசங்கமே இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. எந்த இடத்தைக் கூத்தாக விரிப்பது என்று தெரியாவிட்டால், உள்ளே வந்த ஆள் எந்த மனநிலையோடு வந்தாரோ அதே மனநிலையோடு வெளியே போகிறாரா என்று பாருங்கள். மாறாமல் போனால் அது பிரசங்கத்துக்கு உரியது. கோமதி பஸ்ஸில் போனதை நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஏறினாள், உட்கார்ந்தாள், ஜன்னலில் மலை தெரிந்தது, இறங்கினாள். "பஸ்ஸில் இறங்கியபோது இருட்டிவிட்டிருந்தது" என்ற ஒரே வரியாகிவிட்டது. அந்த மூன்று பக்கத்தில் நல்ல உவமை ஒன்று இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

திரையைப் பிடித்துக்கொண்டு இருங்கள்

அதே கூத்திலிருந்து இன்னொன்று. ராஜா வேடம் நேரே வந்து நிற்பதில்லை. முதலில் மேளமும் முகவீணையும். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது. கீழே சலங்கைக் கால் தெரிகிறது. உள்ளிருந்து பாட்டு வருகிறது. கட்டியங்காரன், நீ யார், எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று கேலியும் கிண்டலுமாகக் கேட்கிறான். சிறுவயதில், ஆடுபவர் யார் என்று தெரிந்துமே, அந்தத் திரை விலகும்வரை நான் இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கதைமாந்தரின் கடந்தகாலத்தை இப்படித்தான் கொண்டுவர வேண்டும். கிரீட நுனி ஓர் அத்தியாயத்தில், சலங்கைச் சத்தம் இன்னொன்றில். கட்டியங்காரன் செய்யும் வேலையை உங்கள் கதையில் யாராவது செய்யட்டும். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கும் கடைக்காரர், புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, சின்ன மகள். கேட்டவருக்கு உடனே பதில் கிடைக்க வேண்டும் என்றும் இல்லை. கோமதி நூல் வேண்டும் என்றுதானே சொன்னாள்.

ஒரு எச்சரிக்கை. திரையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் கூட்டம் விசில் அடிக்கும். கதைமாந்தருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அவர் தலைக்குள்ளேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு, வாசகருக்கு மட்டும் மறைப்பது ஏமாற்று வேலை. "அந்த ரகசியத்தை நினைத்ததும் அவள் உடல் நடுங்கியது" என்ற வரி உங்கள் பிரதியில் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். கோமதிக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரியலாம். மற்ற கதைமாந்தர்களுக்குத் தெரியாமல் இருப்பதே போதும்.

பெயர்கள்: முதல் அத்தியாயத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். பெரியப்பா, சின்ன மாமா, நடு அத்தை என்று உறவுப் பெயர்களும் இந்தக் கணக்கில் சேரும். கடைக்காரர் கடைக்காரராகவே இருக்கலாம்.

இரண்டாம் அத்தியாயம் என்ற குழி

முதல் அத்தியாயத்தை எப்படியோ நன்றாக எழுதிவிடுகிறோம். இரண்டாவது, "இருபது ஆண்டுகளுக்கு முன்பு..." என்று தொடங்குகிறது. நண்பர்கள் எனக்குக் கொடுத்த கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்த்த வரி இதுதான். வாசகரை வாசல்வரை அழைத்துவந்து, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய்விடுவது போன்றது.

இரண்டாம் அத்தியாயம் முதல் அத்தியாயத்தின் விளைவாக இருக்கட்டும். முடிந்தால் அதே நாள் இரவு. இடம் மாறட்டும், கதைமாந்தர் விரும்புவதற்குக் குறுக்கே நிற்கும் ஆள் ஒருவர் உள்ளே வரட்டும். அந்த ஆள் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. என் கதையில் அது பெரிய மகள்தான்.

கோமதி வீட்டுக்கு வருகிறாள். கேட்பதற்கு வாயெடுக்கிறாள், கேட்கவில்லை. மறுநாள் கணக்கை ஈடுகட்ட இருவரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். அடுத்த வீட்டில் தறிச் சத்தம். மகளின் விரல் வலப்பக்கம் மடிக்கிறது. தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அத்தியாயம் முழுக்க இவ்வளவுதான். இருவரும் பேசியது பதினோரு வாக்கியம். இதைத்தான் என் நண்பர், "வேகமாகப் போனது" என்றார். நாவலிலேயே மெதுவாக நடக்கும் அத்தியாயம் அது. தாய்க்குத் தெரியும் என்பது வாசகருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பீடி மடிக்கும்போதும், இப்போது கேட்பாளா, இப்போது கேட்பாளா என்று வாசகர் காத்திருக்கிறார். காத்திருக்க ஏதாவது இருந்தால் மெதுவாகப் போவதில் பயமில்லை. அந்தத் தைரியம் எனக்கு வர மூன்று பிரதி ஆனது.

மூன்றாவதில் ஒரு கதவைச் சாத்துங்கள். கதைமாந்தர் செய்யும் ஒரு காரியத்தால் பழைய நாளுக்குத் திரும்ப முடியாமல் போக வேண்டும். தற்செயலாக நடந்துவிட்டது என்று இருக்கக் கூடாது. அவரே செய்ய வேண்டும். கோமதி மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். மகளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதை நான்காம் அத்தியாயத்துக்கு வைத்துக்கொண்டேன்.

அத்தியாய முடிவுகளைப் பற்றி: வார இதழ்த் தொடர்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு முடிவிலும் கதவு தட்டப்பட வேண்டும், விளக்கு அணைய வேண்டும். தொடரில் அது நியாயம். அடுத்த இதழுக்கு ஏழு நாள் இருக்கிறது. புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் விரல் நுனியில். மூன்றில் ஒன்று அமைதியாகவே முடியட்டும். மூன்றும் அதிர்ச்சியில் முடிந்தால், நான்காவது அதிர்ச்சிக்கு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பென்சிலும் ரயிலும்

மூன்று அத்தியாயமும் எழுதி முடித்து, பத்து நாள் தொடாமல் வைத்துவிட்டு, மூன்று நிறப் பென்சிலோடு உட்காருங்கள். வாசகருக்கு ஓர் ஆவல் எழும் இடத்தில் ஓரத்தில் சிவப்புக் கோடு. அது தீரும் இடத்தில் நீலம். யாரும் கேட்காத தகவல் வரும் இடத்தில் கறுப்பு. என் முதல் பிரதியில் இதைப் போட்டுப் பார்த்தபோது முப்பத்து மூன்று பக்கமும் துக்க வீட்டு அறிவிப்புபோல் கறுத்துக் கிடந்தன. சிவப்பும் நீலமும் மாறி மாறி வர வேண்டும். சிவப்பு எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாச் சிவப்புக்கும் நீலம் கிடைத்துவிட்ட பக்கத்தில்தான் வாசகர் புத்தகத்தை மூடுகிறார். கறுப்பு தொடர்ந்து அரைப் பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள், அல்லது அதற்கு முன்னால் ஒரு சிவப்பை உண்டாக்குங்கள். உண்டாக்க முடிந்தால் அதே தகவல் நீலமாகிவிடும்.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு ஓடத் துடிக்கும் இடத்தில் பேனாவும் ஓடியிருக்க வேண்டும்.

கடைசியாக, ஒருவரிடம் கொடுங்கள். எழுத்தாளராக இருக்க வேண்டாம். கருத்துக் கேட்காதீர்கள். கருத்துக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். நாம் காப்பி கொடுத்திருக்கிறோம் அல்லவா. எங்கே கீழே வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சாப்பிடப் போனபோதா, தொலைபேசி வந்தபோதா, தானாகவா? என் நண்பரிடம் நான் இப்போதெல்லாம் ஸ்டேஷன் பெயரை மட்டும்தான் கேட்பேன். இரண்டாம் பிரதிக்கு மகேந்திரவாடி என்றார். மூன்றாவதைக் கொடுத்த அன்று மாலை தொலைபேசியில் அழைத்து, மாற்றுச் சான்றிதழை யார் கேட்டு வாங்கினார்கள், பள்ளிக்கூடமே கொடுத்துவிட்டதா என்றார். ஸ்டேஷன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

வெட்டிய பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டாம். ஒரு கோப்பில் வையுங்கள். என்னுடைய முப்பத்து மூன்றில் ஒன்றரைப் பக்கம் பதினோராம் அத்தியாயத்துக்குத் திரும்பி வந்தது. சின்ன மகள் பள்ளிச் சுற்றுலாவில் கோட்டைக்குப் போகிறாள். அகழியைப் பார்த்து, இதில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேட்கிறாள். அங்கே அந்த முன்னோர் சிப்பாய்க்கு இரண்டு வரி கிடைத்தது. மீதி முப்பத்தொன்றரைப் பக்கம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது.